ஆறாவது ஆள்

எங்கள் கல்லூரியில் ‘கூடைப்பந்து அணி’ என்றால் அது பெண்கள் அணி. கோப்பை வைக்கிற கண்ணாடி அலமாரி முழுக்க அவர்களுடையது. எங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘ஆமா, அந்தப் பசங்களும் ஆடுறாங்க’ என்பார்கள். அந்தப் பசங்களில் நானும் ஒருவன். உயரம் ஒன்றுதான் என் தகுதி; வகுப்பில் எனக்குப் பெயர் ஒட்டடைக்குச்சி. பந்து என் கைக்கு வந்துவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது.

ஆட்டக்காரன் என்றால் அது என் அண்ணன்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன், கடைசி வருடம். மூலையில் நின்று அவன் எறிந்தால் வளையத்துக்கே விஷயம் தெரியாது. பந்து நேரே வலைக்குள் இறங்கிவிடும். எங்கள் அணி எப்போதாவது ஜெயித்திருக்கிறது என்றால் அவனால்தான்.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு காலையில் அவன் வீட்டு மாடிப்படியில் சுருண்டு விழுந்தான். இதய டாக்டர் காகிதத்தில் கத்தரிக்காய் போல ஒன்றை வரைந்து காட்டினார்.

“தசை தடிச்சிருக்கு. நடக்கலாம், படிக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். ஓட மட்டும் கூடாது. ஓடினா எப்ப வேணா நின்னுடும்.”

“அப்ப ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்க முடியாதுடா” என்றேன் அண்ணனிடம். டாக்டர் மட்டும் சிரித்தார். அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் நெஞ்சுவலி மாத்திரை எடுத்துக் கொடுத்த கை அது. அன்று டாக்டர் தந்த சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாள். திருகியது வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு எதுவுமே வலிக்கவில்லை. கால் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருக்குமே, அதுவும் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், ஜோக் அடித்தேன். ஜோக் மட்டும், பூட்டிய கடையில் ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறி மாதிரி, யாருக்கென்று இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் கோச்சிடம் கணுக்கால் பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டான். எங்களிடம் ஆட்கள் குறைவு. “டீம் சட்டையைப் போட்டுக்கிட்டுச் சும்மா உக்காருப்பா, எதிராளி எண்ணிப் பாக்கிறப்ப ஒரு தலை கூட இருக்கட்டும்” என்றார் கோச். அண்ணன் என்னிடம் வந்தான்.

“நெஞ்சு விஷயம் உன்னோட இருக்கட்டும். நான் பெஞ்சைத் தாண்ட மாட்டேன்.”

“தாண்டினா?”

“அம்மா கிட்ட சொல்லிக்கோ.”

அம்மாவுக்கு அவன் வெறுமனே வேடிக்கை பார்க்கப் போகிறான் என்றுதான் தெரியும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போதும் வாசலிலேயே என்னைப் பிடித்துக் கேட்பாள்: “ஓடினானா?” “இல்லம்மா.” அவ்வளவுதான். நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று அவள் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

தோற்றோம். சாப்பாட்டுக்கு முன் தோற்றோம், சாப்பாட்டுக்குப் பின் தோற்றோம். ஒரு கல்லூரி தன் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை மட்டும் இறக்கி எங்களைத் தோற்கடித்தது. கோச் ஆரம்பத்தில் கத்தினார். பிறகு கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்துகொண்டார். உடை மாற்றுகிற அறையில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரு அணி திட்டுவதை நிறுத்திவிட்டால் அது முடிந்தது என்று அர்த்தம். அண்ணன் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

கடைசி ஆட்டம், எங்களைப் போலவே கடைசி இடத்துக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரியோடு. அதற்குள் எங்களில் சிலர் நின்றுவிட்டார்கள், இருவருக்குக் காய்ச்சல். உள்ளே ஐந்து பேர், பெஞ்சில் அண்ணன். என்ன கஷ்டகாலமோ, கடைசிக் கால்பகுதி வரை நாங்கள் மூன்றே புள்ளிகள்தான் பின்னால் இருந்தோம். கோச்சின் கைக்குட்டை பைக்குள் போய்விட்டது. எழுந்து நின்று கத்தினார். எங்களுக்கே யாரையோ பார்ப்பது போலிருந்தது.

அப்போதுதான் புல்டோசர், எங்கள் தடியன், வளையத்தின் கீழே ஒருவனைத் தோளால் இடித்துத் தள்ளினான். விசில். அவனுக்கு அது ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஆனால் ஆள் வெளியே.

“நான் தொடவே இல்ல சார்!”

“தொடாமலேயே அவன் அங்க போய் விழுந்து கெடக்கானா? வெளிய போப்பா” என்றார் நடுவர்.

கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பார்க்க ஒரே ஆள்தான்.

“கால் எப்படிப்பா இருக்கு?”

“நல்லா இருக்கு சார்” என்றான் அண்ணன். டீம் சட்டைக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றினான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது.

நான் கோட்டருகே ஓடினேன். “டேய், வேணாம்.”

“மூலையில நிக்கத்தான்டா போறேன். ஓட மாட்டேன்.”

“நீ நிக்கிற ஆளா?”

“ஒரே ஒரு தடவைடா. இனிமே எனக்கு இந்தச் சான்ஸ் வராது.” குரல் இறங்கியது. “மூச்சு விடாதே.”

எனக்கு அப்போதும் எதுவும் தோன்றவில்லை. பயம் இல்லை, அழுகை இல்லை. வாய் மட்டும் திறந்துகொண்டது.

“சார், நாலு பேரா ஆடலாம் சார்.”

“நாலு பேரா? இது என்ன சீட்டாட்டமாடா?”

“அவனுக்குக் கால்ல ஒண்ணுமில்ல சார். நெஞ்சுல. ஓடினா செத்துருவான்.”

ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து குண்டூசி, எங்கள் குள்ளன், சிரித்தேவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். கோச் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். அதுவே போதுமானதாக இருந்தது. கோச் அந்தச் சட்டையை எடுத்து, குழந்தைக்குப் போட்டுவிடுவது போல அவன் தோளில் போர்த்தினார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேராக ஆடினோம். ஆடினோம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எண்ணிக்கையைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரத்திலேயே விட்டுவிட்டேன். இறுதி விசிலுக்கு முன்பே எதிரணிக்காரன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “உங்க அண்ணனுக்கு நெஜமாவா?” தலையாட்டினேன். அதன் பிறகு அவர்கள் வேகமாக ஓடவில்லை.

பேருந்தில் அண்ணன் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பின்னால். வழக்கம்போல ஏதாவது சொல்லலாமென்று யோசித்தேன். மின்விசிறி நின்றுவிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் பாதி தெரிந்தது. அது அழுகிறதா, தெரு விளக்கா என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. எழுந்தான், திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

“என் பையையும் நீயே தூக்கு. எனக்குத்தான் நெஞ்சுல ப்ராப்ளமாச்சே. ஊரெல்லாம் சொல்லிட்டல்ல?”

“சொல்லிட்டேன்.”

“துரோகி.”

“ஆமா.”

இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் முன்னால் நடந்தான். வேண்டுமென்றே வேகமாக நடந்தான். ‘மெதுவா போடா’ என்று தொண்டை வரை வந்தது. தெருமுனை வந்ததும் அவனாகவே வேகத்தைக் குறைத்தான். நான் எட்டிப் பிடிக்காமல் அவனுக்குச் சற்றுப் பின்னாலேயே நடந்தேன். பையின் வார் தோளை அறுத்தது. வலித்தது.