மூன்றாம் மைதானம்

மோகனசுந்தரம் தன் வாயாலேயே கெட்டார். சங்கத்தில் பிறகு எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை.

ரொறன்ரோவில் உள்ள யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்ட லீக் நடத்துகின்றன. அதற்கு அவர்தான் தலைவர். லீக்கில் இரண்டு பிரிவு. ஏ டிவிசனில் பெயர்பெற்ற கல்லூரிகள், பி டிவிசனில் மற்றவை. யார் ஏ, யார் பி என்பதை முதல் வருடம் நாலைந்து பேர் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே தீர்மானித்தார்கள். விளையாட்டை யாரும் பார்க்கவில்லை. ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் அதிகம் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏயில் கடைசியாக வந்த அணியும் ஏயிலேயே இருந்தது. பியில் முதலாவதாக வந்த அணி ஒரு கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு பியிலேயே இருந்தது.

இலந்தைவெளி வித்தியாலயம்தான் அந்தக் கோப்பையை அடிக்கடி தூக்கும். அவர்களுடைய பயிற்சியாளர் எட்வேட் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் மைதானத்துக்கு வந்து பெடியன்களை ஓடவிடுவார். மில்லிக்கன் பகுதிக் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் வருடா வருடம் அவர் எழும்பி ஒரே விசயத்தைத்தான் கேட்பார். ஏயில் கடைசியாக வருகிற அணி இறங்கட்டும், பியில் முதலாவதாக வருகிற அணி ஏறட்டும். "யோசிப்பம்" என்று மோகனசுந்தரம் சொல்வார். பிறகு தேநீர் வரும்.

போன வருடம் மார்ச் மாதக் கூட்டத்துக்குத் தமிழ்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கமராவோடு வந்திருந்தார். மோகனசுந்தரம் வீடு வாங்கி விற்பதற்கு முகவர். மார்க்கம் பக்கத்துப் பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரமாக ஒட்டியிருக்கும் அவருடைய சிரித்த முகத்தின் மேல்தான் சனம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கமராவைக் கண்டால் மனிதருக்கு மனம் தானாகவே விரிந்துவிடும். எட்வேட் கேட்டு முடிக்குமுன்னமே எழும்பிவிட்டார்.

"பேரைப் பாத்து ஒருத்தரும் மேல இருக்கக்கூடாது. காலைப் பாத்துத்தான் இருக்கவேணும்" என்றார். "திறமை இருக்கிறவன் ஏறட்டும். இல்லாதவன் இறங்கட்டும். அது நானாய் இருந்தாலும் சரி."

கைதட்டலில் மேசையில் இருந்த பேப்பர் கோப்பைகள் நடுங்கின. தீர்மானம் நிறைவேறியது. எட்வேட் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வீடியோ ஊரெல்லாம் ஓடியது. தன்னுடைய சிவபுரம் இந்துக் கல்லூரி ஒருநாளும் கடைசியாக வராது என்பதில் மோகனசுந்தரத்துக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

அந்த வீடியோவை அதிகம் பேருக்கு அனுப்பியவன் அவருடைய மகன் பிரவீனன். சிவபுரம் அணியின் தலைவன் அவன்தான். இருபத்துநாலு வயதாகிறது. தகப்பனோடு அவன் அதிகம் பேசுவதில்லை, சண்டையும் இல்லை. பஸ் தரிப்பிட வாங்குகளில் தகப்பனின் முகத்தைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறவன். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தகப்பனைப் பார்த்துச் சிரித்தான்.

"அமெரிக்காவில காலேஜ் புட்போலும் இதே கேஸ்தான் அப்பா" என்றான். சனிக்கிழமைகளில் சிநேகிதர்களோடு அந்த ஆட்டங்களைப் பார்ப்பது அவனுடைய வழக்கம். "பெரிய கொன்பெரன்ஸ் எண்ட பிரிவில இருக்கிறவன் எல்லா மட்ச்சும் தோத்தாலும் அடுத்த வருசமும் அங்கதான். சின்னதில இருக்கிறவன் எல்லாத்தையும் வெண்டாலும், நீ ஆரோட விளையாடி வெண்டனி எண்டு கேப்பாங்கள். ஏத்துறதும் இல்லை, இறக்குறதும் இல்லை. அவங்களே செய்யாததை நீங்க செய்திட்டீங்க. ஐ ஆம் ப்ரவுட் ஒஃப் யூ, சீரியஸா."

மகன் அப்படிச் சொல்லி மோகனசுந்தரம் கேட்டதில்லை. பிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த வார்த்தையை எத்தனையோ நாள் வாகனம் ஓட்டும்போது தனக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

கோடை வந்தது. சிவபுரத்துக்குச் சனியன் பிடித்தது. முன்வரிசையில் ஒருவனுக்கு முழங்கால் போனது. இன்னொருவன் வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போனான். கோல் காப்பாளனுக்குக் கலியாணம். இருந்தவர்களை வைத்துப் பிரவீனன் நாய் படாத பாடு பட்டான். செப்ரெம்பரில் கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே தப்பியிருக்கலாம், அதையும் தோற்றார்கள். சிவபுரம் கடைசி. பி டிவிசனில் இலந்தைவெளி முதலாவது.

"பரவாயில்லை அப்பா" என்றான் பிரவீனன், வாகனத்தில் ஏறி ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "ஒரு வருசம் கீழ போய் விளையாடிட்டு வருவம். வெண்டிட்டு வந்தா அது இன்னும் நல்லம்."

மோகனசுந்தரம் "ஓம் ஓம்" என்றார். அதற்குள் அவருடைய தொலைபேசி மூன்று தரம் அடித்து ஓய்ந்திருந்தது.

அடித்தவர் சிவபுரம் சங்கத்தின் செயலாளர் றமேஸ். பிறகு லண்டனில் இருந்து எடுத்தார்கள், சிட்னியில் இருந்து எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கவலை. "அண்ணை, சிவபுரம் பி டிவிசனோ? சொல்லவே வாய் கூசுது" என்றார் றமேஸ். "நூறு வருசப் பள்ளிக்கூடம். இலந்தைவெளியோட நிண்டு அடிபடுறதோ? இந்த ஏத்தி இறக்குற விதியை ஒரு வருசம் தள்ளிவையுங்கோ. ரெஃபரி காணாது, கிரவுண்ட் காணாது, ஏதாவது சொல்லுங்கோ. தலைவர் நீங்கள்தானே."

அந்த வாரம் முழுக்க மோகனசுந்தரம் இதையே யோசித்தார். விதியைத் தள்ளிவைத்தால் மகன் என்ன நினைப்பான் என்பது ஒரு பக்கம். வைக்காவிட்டால் சிவபுரத்தைக் கீழே இறக்கியவன் என்ற பெயர் தன் தலையில் விழும் என்பது மறுபக்கம். வெட்கமும் பயமும் மாறி மாறி அவரைப் பிடித்து ஆட்டின. கடைசியில் பயம்தான் வென்றது, அதை அவர் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டார்.

ஆட்டங்கள் முடிந்ததும் கூடும் லீக் கூட்டத்துக்கு முதல்நாள், விதியைத் தள்ளிவைக்கப்போகிற விசயத்தைச் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்தார். பிரவீனன் கரண்டியை வைத்துவிட்டான்.

"அது நானாய் இருந்தாலும் சரி எண்டு சொன்னீங்களேப்பா."

"சொன்னனான்தான். இப்ப நிலைமை வேற."

"என்ன வேற? நாங்க தோத்தது மட்டும்தான் வேற."

மோகனசுந்தரத்தின் மனைவி குணவதி கறிச்சட்டியை மேசையில் வைத்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவள். இந்தக் கதைகளில் தலைபோடாதவள். அன்றைக்கு மட்டும், "இலந்தைவெளிப் பெடியள் என்ன பிழை விட்டவை?" என்று கேட்டாள்.

"உமக்கு உது விளங்காது."

"நான் படிச்ச பள்ளிக்கூடமப்பா அது" என்றாள் குணவதி. குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

மோகனசுந்தரம் அதை மறந்துபோயிருந்தார் என்று சொல்ல முடியாது. மறக்கப் பழகியிருந்தார். சிவபுரம் சங்கத்தின் வருடாந்த விருந்தில், பட்டுச்சேலையோடு பக்கத்தில் இருப்பவளிடம் யாராவது "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டால், அவள் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொள்வார். "சிவபுரம் பக்கம்தான்." பொய் இல்லை, பக்கம்தான். சைக்கிளில் போகக்கூடிய தூரம்தான். குணவதி சிரித்துக்கொண்டு தட்டைப் பார்ப்பாள். கலியாணம் முடித்த நாளில் இருந்து இப்படித்தான்.

மறுநாள் கூட்டத்தில் கமரா இல்லை. மோகனசுந்தரம் நடுவர் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். மைதானத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். ஆற அமர ஆராய வேண்டும், ஆகையால் ஒரு வருடம் ஒத்திவைப்போம் என்றார். ஏ டிவிசன்காரர் எல்லோரும் கை உயர்த்தினார்கள், ஏனென்றால் அடுத்த வருடம் யார் கடைசி என்பது அவர்களுக்கும் தெரியாது. வாக்குக் கேட்கும்போது எட்வேட் கை உயர்த்தவில்லை. முடிந்த பிறகு படிக்கட்டில் மோகனசுந்தரத்துக்காகக் காத்து நின்றார்.

"அண்ணை, நான் உங்களோட சண்டைக்கு வரேல்லை" என்றார். "பெடியள் கேப்பாங்கள். நான் என்ன சொல்ல எண்டு மட்டும் சொல்லித் தாங்கோ."

மோகனசுந்தரம் "அடுத்த வருசம் பாப்பம் தம்பி" என்று எட்வேட்டின் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். வாகனத்துக்குள் ஏறியும் அதைக் கிளப்பாமல் கனநேரம் இருந்தார். தான் செய்தது கேவலம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பி மேலே ஏறவில்லை.

பனிக்காலம் முழுக்க பிரவீனன் உதைபந்தைப் பற்றிப் பேசவில்லை. தகப்பன் கேட்டதற்குப் பதில் சொன்னான், கேளாததைச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே பேஸ்மென்ருக்குப் போய்விடுவான். தகப்பன் தன்னுடைய பேச்சு வீடியோவைத் தேடினார். மகன் தன் முகநூல் பக்கத்தில் இருந்து அதை எடுத்துவிட்டிருந்தான்.

ஏப்பிரலில் றமேஸ் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, தம்பி பிரவீனன் இலந்தைவெளிக்கு மாறிட்டானாம். உங்களுக்குத் தெரியுமோ?"

மோகனசுந்தரம் படிகளில் இறங்கினார். பிரவீனன் அங்கே இல்லை. குணவதிதான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எப்பிடி மாறலாம்? தகப்பன் சிவபுரமெல்லே?"

"தகப்பனோ தாயோ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு விளையாடலாமாம். விதி அப்பிடித்தானாம்" என்றாள்.

விதி அப்படித்தான். 'தாயோ' என்ற சொல்லைச் சேர்த்தவரே மோகனசுந்தரம்தான். சில வருடங்களுக்கு முன் நல்ல கோல் காப்பாளன் ஒருவனைத் தாய்வழியாகச் சிவபுரத்துக்கு இழுப்பதற்காகச் செய்த வேலை. அப்போது தன் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள் என்ற யோசனை அவருக்கு வரவில்லை.

"நீரோ இதுக்கு ஒத்துக்கொண்டனீர்?"

"அவன் வந்து, அம்மா நீங்க எங்க படிச்சனீங்க எண்டு கேட்டான்." குணவதி ஒரு துவாயை மடித்து வைத்தாள். "இந்த வீட்டில ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லை. சொன்னன். ஓ.எல். சோதினை வரைக்கும் படிச்சது, வாத்திமாற்ற பேர், எல்லாம் சொன்னன். அதுக்குப் பிறகு அவன்தான் எட்வேட்டோட கதைச்சவன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீங்கள்தானே பதில் சொல்லியிருப்பீங்கள்" என்றாள், அடுத்த துவாயை எடுத்தபடி. மோகனசுந்தரம் மேலே போனார்.

மே மாதம் லீக் தொடங்கியது. ஏ டிவிசன் முதலாம் மைதானத்தில். அங்கே வலைகள் புதிது, உட்கார வாங்குகள் உண்டு, பந்தல் உண்டு. பி டிவிசன் மூன்றாம் மைதானத்தில். அது வாகனத் தரிப்பிடத்துக்கும் அப்பால், மரங்களுக்குப் பின்னால், ஒரு பக்கம் சரிவு. இரண்டு பிரிவுக்கும் முதல் ஆட்டம் ஒரே நேரத்தில். இந்த ஒழுங்குக்கெல்லாம் ஒப்புதல் கொடுத்தவர் தலைவர் மோகனசுந்தரம்தான், வருடா வருடம் கொடுப்பது போல.

அவர் பந்தலில், பிரதம விருந்தினரான டொக்டர் கிருஷ்ணவேணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மதுரைக்காரர், மார்க்கத்தில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். மைதானத்தில் சிவபுரம் அணி ஏ டிவிசன் உடுப்போடு வந்து நின்றது. மகன் கட்டும் தலைவர் பட்டி இப்போது வேறு ஒருவனின் கையில் இருந்தது.

அப்போது தரிப்பிடத்தில் குணவதியின் வாகனம் வந்து நின்றது. பரிசளிப்பு நாளில் மட்டும் சேலையோடு வந்து இந்தப் பந்தலில் இருக்கிறவள், இன்றைக்குக் குளிர் ஜக்கெற்றும் சப்பாத்துமாக இறங்கினாள். மடக்குக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பந்தலைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் நின்றாள்.

"நீங்கள் இஞ்சையோ இருக்கப்போறீங்கள்?"

"மட்ச் தொடங்கப்போகுது. நான் தலைவரெல்லே" என்றார் மோகனசுந்தரம்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு மரங்களின் பக்கம் நடந்தாள்.

விசில் ஊதியது. மோகனசுந்தரம் பந்தைப் பார்த்தார், ஆனால் காது மூன்றாம் மைதானத்தில்தான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்து பெரிய சத்தம் எழும்பியது. யாரோ கோல் அடித்துவிட்டார்கள். இலந்தைவெளியா, மற்றவர்களா, அடித்தது அவனா, ஒன்றும் தெரியவில்லை. அவர் பாதி எழும்பினார்.

"இருங்கோ அண்ணை, எங்கட ஆக்கள் கோனர் அடிக்கப்போறாங்கள்" என்றார் பின்னால் இருந்த றமேஸ்.

இருந்தார்.

டொக்டர் கிருஷ்ணவேணி அவர் பக்கம் திரும்பினார். "உங்க பையனும் ஆடுறார்னு சொன்னாங்களே சார். இதுல எது உங்க பையன்?"

"இதில இல்லை. அவன் அந்த மைதானத்தில" என்றார். "இலந்தைவெளி. அவனுடைய தாய் படிச்ச பள்ளிக்கூடம்."

தாயின் பள்ளிக்கூடத்தை ஒரு வெளியாளிடம் அவர் வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. சொன்னதும் மனம் கொஞ்சம் இலேசாக இருந்தது. எழும்பிப் போய்விடலாம் போலவும் இருந்தது.

"அப்படியா? கேள்விப்பட்டதில்லையே. அது எங்க சார் இருக்கு?"

"சிவபுரம் பக்கம்தான்" என்றார் மோகனசுந்தரம், கேட்டு வாய் மூடுவதற்குள்.

மரங்களுக்குப் பின்னால் மறுபடியும் சத்தம் எழும்பியது. அதற்குள் குணவதியின் குரலும் இருந்திருக்கலாம். அவள் சத்தம் போட்டு அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் அவருக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.