நிஹ்லாவும் வயிறு ஊதிய மாடும்

1

இந்தக் கதை ஒரு முழங்கால் நோவிலிருந்து பிறந்தது. வவுனியாவில் ஒரு கலியாண வீடு. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணை யாரோ "டொக்டர்" என்று கூப்பிட்டார்கள். உடனே ஒரு பெரியவர் சாரத்தை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தான் மிருக வைத்தியர் என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"பரவாயில்லை மகள், நோ ஒண்டுதானே" என்றார் அவர்.

அவளும் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். நான் சாப்பாட்டை மறந்து கதை கேட்கத் தொடங்கினேன்.

(பெரியவர் இனி வரமாட்டார். அவருடைய முழங்காலைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.)

2

"நந்திக்கடலின் மேலே சூரியன்—" என்று தொடங்கலாமா? வேண்டாம்.

"கால்நடை மருத்துவம் என்பது மகத்தான—" இது பரிசளிப்பு விழாப் பேச்சு.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண், நிஹ்லா, பேராதனையில் மிருக வைத்தியம் படித்து முடித்து, முள்ளியவளையில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து வைத்தியம் பார்க்க உட்கார்ந்தாள். மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று வாப்பா நஜீம் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். என்ன டொக்டர் என்பதைப் பெயர்ப்பலகைதான் சொன்னது. வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய டொக்டர் எப்போது வருவார் என்று கேட்டுப் போனார்கள். சில கோழிகளும், ஊசியைக் கண்டதும் மேசைக்கடியில் புகுந்த ஒரு நாயும்தான் அவளை நம்பி வந்தவை.

அந்த நேரம்தான் கொழும்பில் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனை வேலை தருவதாகச் சொன்னது. குளிரூட்டிய அறை, சாந்தமான பூனைகள். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லவேண்டும். அவள் "ஓம்" சொல்வதாகத்தான் இருந்தாள்.

3

அதே வெள்ளிக் காலை சிலாவத்தையிலிருந்து அற்புதம் என்ற பெண் வந்தார். அவருடைய கணவர் யோசெப் கடற்றொழில் செய்பவர். கடல் கைவிடும் மாதங்களில் வீட்டைத் தாங்குவது மாட்டுப் பால்தான். அந்த மாடு இப்போது தின்னாமல், வயிறு ஊதி நின்றது. இறைச்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அயலவர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

நிஹ்லா போய் மாட்டின் இடப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். மா பிசைந்து வைத்ததுபோல் இருந்தது. குப்பையில் மேய்ந்து பிளாஸ்ரிக் தின்றிருக்க வேண்டும். வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்றாள்.

"அறுத்தால் மாடு பிழைக்குமோ, தங்கச்சி?"

"அறுக்கிறது இறைச்சிக்கு அக்கா, இது வெட்டிப்போட்டுத் தைக்கிறது." உண்மையையும் சொன்னாள். "படிக்கேக்கை பக்கத்திலை நிண்டு பிடிச்சிருக்கிறன். தனிய ஒருநாளும் செய்யேல்லை."

அற்புதம் மாட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நானும் ஒருநாளும் பாத்ததில்லை. ரெண்டு பேருமாப் பாப்பம்."

(இந்த இடத்தில் நிஹ்லாவுக்குத் துணிவு வந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். வரவில்லை. இடக் கையுறையை வலக் கையில் போட்டாள். அதை மற்றவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.)

4

மாடு நின்றபடியே நின்றது. யோசெப் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதாவை மன்றாடினார். வெட்டும் இடம் மரத்துப்போக விறைப்பூசி போட்டு, வெட்டி, நிஹ்லா தோள்வரை கையை உள்ளே விட்டாள். கடைப் பைகள் வந்தன. நைலோன் வலைத்துண்டு வந்தது. முறுகிக் கிடந்த கயிறு வந்தது.

(முதல் வரைவில் ஒரு தங்கச் சங்கிலியும் வந்தது. நிஹ்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நகை வந்ததெண்டு எழுதினால், நாளைக்கு ஊரிலை எல்லாரும் மாட்டை வெட்டச் சொல்லி வருவினம்" என்றாள். எடுத்துவிட்டேன்.)

அப்போதுதான் வேலியில் தொங்கிய பையில் தொலைபேசி அடித்தது. கொழும்பு. விடாமல் அடித்ததால் அற்புதமே எடுத்தார்.

"டொக்டர் இப்ப மாட்டுக்குள்ளை நிக்கிறா. வெளியிலை வந்தாப் பிறகு எடுங்கோ."

வைத்துவிட்டார். நிஹ்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய, பயமும் போய்விட்டிருந்தது. கடைசிப் பையை இழுத்தெடுத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினாள்.

அற்புதம் சொன்ன "டொக்டர்" என்ற சொல்லில் எதுவும் இருப்பதாக அவளுக்கு அப்போது படவில்லை. பெரிய டொக்டர் எப்போது வருவார் என்று கேட்காத முதல் ஆள் அவர் என்பது வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் உறைத்தது. கொழும்புக்கு அழைப்பு எடுத்து, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

5

முடிவு அ: அவள் கொழும்புக்குப் போகிறாள். பூனைகள் நலம். எழுதி முடித்தபோது எனக்கே கோபம் வந்தது.

முடிவு ஆ: அவள் ஊரிலேயே இருக்கிறாள், பாராட்டு விழா, பொன்னாடை, நஜீமின் கண்களில்— கிழித்துப் போட்டேன். இரண்டு அறை வாடகையை எந்தப் பொன்னாடை கட்டும்?

அவளையே கேட்டேன். "நீங்கள்தானே எழுதுறியள்" என்றாள்.

ஆகவே தெரிந்ததோடு நிறுத்துகிறேன். மறுநாள் காலை. நிஹ்லா சிலாவத்தையில், மாட்டின் முன்னால் குந்தியிருக்கிறாள். மாடு வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. பக்கத்தில் அற்புதமும் யோசெப்பும் நிற்கிறார்கள். பிறகு அதன் தாடை மெதுவாக, பக்கவாட்டில், அசைகிறது. மாடு அசைபோடுகிறது.

யோசெப் சிலுவை அடையாளம் போடுகிறார். தொலைபேசி அடிக்கிறது. நிஹ்லாவின் கையில் மருந்து. அற்புதம் ஓடிப்போய் எடுத்து, கொழும்பு என்று கண்டு, அதை வாசிக்கிற உங்களிடம் நீட்டுகிறார்.

சொல்லுங்கோ.