சாவி வீட்டுப் பருப்பு

எழிலரசி அடுப்பிலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள், கல்லாகக் கிடந்த பருப்பு குழைந்து போயிருந்தது.

அந்தக் கடலோரக் கிராமத்தில் தண்ணீர்க் குழுவின் வால்வு சாவி வீடு வீடாகச் சுற்றும். சாவி இருக்கும் வீட்டில், ஊர்ப் பொதுக் கிணற்று மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில், காலையில் துவரம்பருப்பு வேகவைக்க வேண்டும். குக்கர் கூடாது, திறந்த சட்டிதான். வேகாவிட்டால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். அன்று மோட்டார் ஓடாது. பக்கத்து ஊரில் விடாமல் இறைத்ததில் அந்த ஊர்க் கிணற்றுக்குள் கடலே வந்துவிட்டது.

சமூகப்பணி படித்த எழிலரசிதான் குழுச் செயலாளர். இன்று சாவி அவள் வீட்டில். இன்றுதான் நாத்தனார் இளவரசிக்கு நிச்சயதார்த்தமும். வந்திறங்கிய உறவுக்காரர்கள் நேற்றே தொட்டியைக் காலி செய்திருந்தார்கள்.

ஒரு பருப்பை நாக்கில் வைத்தாள். சோப்பு மாதிரி இருந்தது.

“அத்தை, ஆப்ப சோடா போட்டீங்களா?”

மாமியார் சந்திரலேகா தலையைத் தாழ்த்தவில்லை. “ஒரு சிட்டிகைதான். செம்மண்டலத்துலேர்ந்து சம்பந்திங்க வராங்க. கை கழுவத் தண்ணி இல்லன்னு சொல்லவா? ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போனா உன் குழுவா மாப்ள பாக்கும்?”

சாவியோடு நின்ற கணவன் அருள்முருகன் கெஞ்சினான். “வெந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை, எழில். இன்னிக்கு மட்டும்.”

அறைக்கதவோரம் பாதி பூ வைத்த தலையோடு இளவரசி நின்றிருந்தாள்.

“எழிலு! இன்னிக்கு உங்க பருப்பு வேகுமா, வேகாதா?” வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தாள் கடைசித் தெரு பட்டம்மாள்.

எழிலரசி அடுப்பை அணைத்தாள். இன்று பொய் சொன்னால், நாளை எந்த வீட்டில் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்வாள்?

“வேகலக்கா. சோடா போட்டிருக்கு. மோட்டார் ஓடாது.”

சந்திரலேகாவின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. அவள் கண் கலங்கியது.

பட்டம்மாள் ஒரு பருப்பை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு சந்திரலேகாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கிட்டயே உன் பருப்ப வேகவெக்கப் பாத்தியா? சரி சரி, அழாத. எங்க தெருவுல நேத்து புடிச்சது குடம் குடமா இருக்கு. பொம்பளைங்கள தூக்கியாரச் சொல்றேன். ஆனா சாம்பார நான் ருசி பாத்த பிறகுதான் பந்திக்கு வரணும், ஆமா!”

இளவரசிதான் முதலில் சிரித்தாள்.

சந்திரலேகா சிரிக்கவில்லை, மருமகளின் முகத்தையும் பார்க்கவில்லை. மூலையிலிருந்த பெரிய அண்டாவை வாசல் பக்கம் இழுத்தாள். அது நகரவில்லை.

“அந்தப் பக்கம் புடியேன்டி,” என்றாள் மருமகளிடம். “தனியா முடியல.”