லேஸ்காரரின் கை

மேவிஸ் அப்பாவின் காதில் வாயை வைத்துக் கத்தினாள். "கிளிஃப் வந்துட்டான்ப்பா. இதோ நிக்கிறான்."

ஹொரேஸ் அசையவில்லை. "கிளிஃப் வந்துட்டானா புள்ள?" என்று கூரையைப் பார்த்து மறுபடியும் கேட்டார். காலையிலிருந்து இதே கேள்விதான்.

இங்கிலாந்தின் லாங் ஈட்டன் ஊரில் லேஸ் என்ற பூப்பின்னல் துணி நெய்யும் இயந்திரம் ஓட்டியவர்களில் பாதிப் பேருக்குக் காது செவிடாகித்தான் போயிருக்கும். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. "மேஸ்திரி திட்டுறதும் கேக்காது, அது ஒண்ணுதான் லாபம்" என்பார் ஹொரேஸ். வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். அவருக்காக வாயை மட்டும் அசைத்துப் பேசிப் பழகி, சண்டையைக்கூட ஓசையில்லாமல் போடக் கற்ற பிள்ளைகள் மேவிஸும் கிளிஃபோர்டும். முந்தாநாள் வந்த பக்கவாதம் கண்ணையும் பறித்துக்கொண்டது. இனி எதுவும் அவரிடம் போய்ச் சேர வழியில்லை. மேவிஸுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கையப் புடிடா. தொட்டாத் தெரியாதா என்ன?" என்றாள் தம்பியிடம்.

ரயிலில் வந்த கோட்டோடு கிளிஃபோர்ட் மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்தான். ஹொரேஸ் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். ஆயிரம் நூலில் அறுந்ததைத் தொட்டே கண்டுபிடித்தவர்.

அவர் குரலில் மரியாதை ஏறியது. "டாக்டர் ஐயாவா? பூ மாதிரி கை. எம் பையன் லண்டன் பேங்க்ல இருக்கான், வந்துக்கிட்டிருக்கான். அவன் வர்ற வரைக்கும் எப்படியாச்சும் இழுத்துப் புடிங்க."

"அப்பா, நான்தான்ப்பா."

ஆலைப் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்று அவனைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவரே அவர்தான்.

"முகத்துல வச்சுக் காட்டுடா," என்றாள் மேவிஸ். கிளிஃபோர்ட் அப்பாவின் கையைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனான். ஹொரேஸ் பதறிப்போய் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். கரி ஒட்டிக்கும்."

இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டால் லேஸ் கறைபட்டுவிடும். அதனால் எண்ணெய்க்குப் பதில் பென்சில் கரியைத்தான் தூவுவார்கள். வேலையை விட்டு வருஷக் கணக்காகி, கை என்றோ வெளுத்துவிட்டது. அவர் அதைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மேவிஸ் திரைச்சீலையை இழுத்து மூடினாள். கிளிஃபோர்ட் எழுந்திருக்கவில்லை. அவன் கை போர்வையின் மேல் விரிந்தபடியே கிடந்தது.