பேசாத படத்து நாயகி

அக்கா, தங்கை இருவரும் டப்பிங் கலைஞர்கள். ஆற்றங்கரைக் காதலர்களின் பழங்கதை வண்ணப்படமாக வந்தபோது நாயகிக்குக் குரல் கொடுத்தவள் அக்கா. இப்போது அதே கதையைப் புதிதாக எடுத்திருந்தார்கள். இந்த நாயகிக்குத் தங்கை. வெள்ளத்தில் போன காதலன் பிணமாகக் கரை ஒதுங்கும் கடைசிக் காட்சிக்கு மட்டும் இன்னும் பேசவில்லை.

"உன் அழுகையை ஒருதரம் கேட்டுட்டுப் போறேன்க்கா" என்று வந்தாள்.

அக்கா பெருமையோடு படத்தைப் போட்டாள். கதறல் கூரையைப் பிய்த்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துடப் போறாங்க" என்றார் அக்காவின் கணவர். "இதே கதை அதுக்கு முன்னாடி ஊமைப்படமாவும் வந்திருக்கு, பாக்கறீங்களா?"

"குரலே இல்லாத படத்துல நமக்கென்ன வேலை?" அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அவர் விடவில்லை. இணையத்தில் தேடிப் போட்டார்.

கீறல் விழுந்த படம். நாயகி கரைக்கு ஓடி வந்தாள். அவனைப் பார்த்தாள். அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டை நுனியைப் பிழிந்தாள். பிறகு சட்டைக் கையை. ஈரத்தோடு இருந்தால் சளி பிடித்துவிடும் என்பதுபோல, அவசர அவசரமாக. காதோரத்து மணலைத் துடைத்துவிட்டு ஏதோ சொன்னாள். திரையில் எழுத்து எதுவும் வரவில்லை.



"வா, வீட்டுக்குப் போலாம்னு சொன்னா" என்றாள் அக்கா மெல்ல.

"இல்லக்கா, குளிருதான்னு கேட்டா."

அக்காவின் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தறோம்" என்றாள் அக்கா. "இவ உதட்டை அசைச்சதும் நமக்குக் கேட்டுடுச்சே!"

மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் தங்கை அந்தக் காட்சியை இயக்குநரிடம் கைபேசியில் காட்டினாள். நின்றபடி பார்த்தவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் நம்ம படத்துப் பொண்ணைக் கத்து கத்துன்னு படுத்தி எடுத்தேனேம்மா" என்றார். "இன்னிக்கு ரெக்கார்டிங் வேணாம்."

கத்தும் காட்சியை வெட்டிவிட்டு, நாயகியின் முதுகுப்பக்கம் இருந்து முன்பே எடுத்திருந்த காட்சியைச் சேர்த்தார். ஆற்றின் இரைச்சல் மட்டும் போதும் என்றார்.

"முக்கியமான இடத்துல உனக்கு வேலையே இல்லாமப் போச்சேடி!" என்றாள் அக்கா. தங்கை சிரித்தாள்.

படம் வந்த அன்று இருவரும் போனார்கள். கடைசிக் காட்சியில் ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பின் வரிசையில் யாரோ ஒரு பெரியவர் தாழ்ந்த குரலில் திரையைப் பார்த்துச் சொன்னார்:

"எழுந்திருய்யா."