மேபெலின் பசி

சில்வண்டு மேபெலின் முகத்துக்கு நேரே கிளையில் ஏறி மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. மற்ற நாளாக இருந்தால் அதற்கு அந்த அவகாசமே கிடைத்திருக்காது. ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் சுழன்றுகொண்டிருக்கும் மேபெலின் கண்கள் சட்டென்று ஒன்றாக முன்னால் வந்து நிற்கும். வாய் லேசாகப் பிளக்கும். பிறகு நாக்கு போனதும் வந்ததும் தெரியாது, மெல்லுவது மட்டும்தான் தெரியும். ரூடி கொஸ்கி கைபேசியைப் பிடித்தபடி கூண்டுக்கு முன்னால் குனிந்து நின்றான். விடியற்காலையிலிருந்து சாலையில் பனி தள்ளிவிட்டு வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. உருகிய பனி கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. மேபெல் கண்களை மூடிக்கொண்டாள். விளக்கு எரிகிற பட்டப்பகலில் பச்சோந்தி கண்ணை மூடினால் அது நல்லதற்கில்லை என்று டார்சி சொல்லியிருந்தாள். சில்வண்டு மேபெலின் முன்னங்காலில் ஏறி, தாண்டி, இலைகளுக்குள் போய்விட்டது.

டார்சி கொலீனின் மகள். கொலீன் ரூடியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது பதினான்கு வயதுப் பெண்ணாகக் கூடவே வந்தவள். ரூடிக்கும் அவளுக்கும் இடையில் சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. சண்டை போடுவதற்குக்கூட ஒரு பழக்கம் வேண்டுமே. அவன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் இறங்கும்போது "தேங்க்ஸ், ரூடி" என்பாள். அவன் "ம்" என்பான். அவள் கடற்படையில் சேர்ந்து கப்பலுக்குப் போகும்போது, தலையில் கொண்டை மாதிரி எழும்பிய மேட்டோடு இந்தப் பச்சைப் பிராணியை அவனிடம் விட்டுவிட்டுப் போனாள். கொலீனுக்குப் பல்லி, ஓணான் எதுவுமே ஆகாது. ஆகவே அது நம்பிக்கையால் வந்த பொறுப்பா, வேறு வழியில்லாமல் வந்ததா என்று ரூடிக்கு இன்றுவரை தெரியாது.

கிளம்புகிற நாளில் டார்சி கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் சொன்னாள். கிண்ணத்துத் தண்ணீரை இது குடிக்காது, இலையில் சொட்டுகிற தண்ணீரைத்தான் நக்கும். பூச்சியை அப்படியே போடக்கூடாது, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போட வேண்டும். அந்தப் பூச்சிக்கும் முதலில் கீரையும் காரட்டும் கொடுத்து வளர்க்க வேண்டும். வெயிலுக்குப் பதிலாக எரிகிற விளக்கு பார்வைக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளே சத்துப் போயிருக்கும், மாற்றிவிட வேண்டும். கையில் எடுத்துக் கொஞ்சக்கூடாது. "ஒருநாள் விட்டு ஒருநாள், அஞ்சாறு பூச்சி. அவ்வளவுதான். கெஞ்சுற மாதிரி பாக்கும், ஏமாந்துடாதீங்க." ரூடி எல்லாவற்றையும் அப்படியே செய்தான். கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்யவில்லை.

அதற்குக் காரணம் ஒரு வீடியோ. டார்சி போன பிறகு அவன் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் "ஓகே" என்றோ, ஒரு கட்டைவிரல் படமோ வரும். ஒருநாள் மேபெல் நாக்கை வீசிப் பூச்சி பிடிப்பதை அகஸ்மாத்தாகப் படம் பிடித்து அனுப்பினான். நாலே நிமிடத்தில் பதில் வந்தது. அவள் சிரித்தாளாம். பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குக் காட்டினாளாம். கப்பல் சாப்பாட்டில் முட்டை ரப்பர் மாதிரி இருக்கிறதாம். இத்தனை வருடத்தில் அவனிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. மறுநாள் தீனி போடாத நாள். ரூடி ஒரே ஒரு பூச்சி போட்டான், வீடியோவுக்காக. அதற்கும் பதில் வந்தது. அப்புறம் ஒன்று இரண்டாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது தினசரியாகி, புழுவும் கொழுத்த வண்டுகளும் தபாலில் வர ஆரம்பித்தன. மேபெலும் வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவன் பால்பண்ணைக்காரன் மகன். நன்றாகத் தின்கிற பிராணி நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு கணக்கு அவனுக்குத் தெரியாது.

பிறகு கப்பல் எங்கேயோ போய் இணையம் நின்றுபோனது. பதில் இல்லை. ரூடி நிறுத்தவில்லை. கரைக்கு வந்ததும் மொத்தமாகப் பார்ப்பாளே என்று எடுத்து எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த வாரங்களில்தான் மேபெல் நிறம் மாறினாள். பச்சை இருண்டு, அதில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெறித்தன. கொலீன்கூடத் தூர நின்று பார்த்துவிட்டு, "இது இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியாதே" என்றாள். அதையும் படம் பிடித்து அனுப்பினான். போன வாரம் முழுக்க மேபெல் கூண்டுக்குள் ஓயாமல் நடந்தாள். வலையைப் பிடித்துத் தொங்கினாள், கீழே இறங்கித் தரையைப் பிராண்டினாள். பசிக்கிறது போல என்று ரூடி இன்னும் கொஞ்சம் போட்டான்.

இப்போது அவள் அடிக்கிளையில் மூடிய கண்களோடு கிடந்தாள். பக்கவாட்டில் வயிறு முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது.

முதலில் வெய்ன் மாக்கியைத்தான் கூப்பிட்டான். ஊரில் இருக்கிற ஒரே கால்நடை டாக்டர், ரூடியோடு பள்ளியில் படித்தவர். காற்று வலுக்க ஆரம்பித்திருந்ததால் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். ஒரே விரலால் மேபெலின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கோலிக்குண்டுப் பை மாதிரி இருக்கு. முட்டைய்யா."

"ஆண் துணையே கிடையாதே."

சமையலறை வாசலிலிருந்து கொலீன் சொன்னாள்: "எங்கம்மா வீட்டுல சேவலே இல்ல, ரூடி. தினமும் ஆம்லெட் சாப்பிட்டோம்."

வெய்ன் கையைத் துடைத்துக்கொண்டார். "யோவ், நான் மாட்டுக்குள்ள தோள்பட்ட வரைக்கும் கைய விட்டவன். இதுக்குள்ள என் சுண்டுவிரல் நகம்கூடப் போவாது. அளவு தெரியாம ஊசி போட்டா அதுவே கொன்னுரும். இதுக்குன்னு படிச்சவங்ககிட்ட கேளு."

அதற்கென்று படித்தவர்கள் தெற்கே, நல்ல சாலையிலேயே நாலைந்து மணி நேரத் தூரத்தில் இருந்தார்கள். போனில் வந்த டாக்டரம்மாவின் குரல் இளையது, பொறுமையானது. என்ன தீனி, எவ்வளவு என்று கேட்டாள். ரூடி சொன்னான்.

"அவ்வளவு போட்டா உடம்பு அத்தனையையும் முட்டையாக்கிடும் சார். பாவம், அதுக்கு நிறுத்தத் தெரியாது. தோண்டி முட்டையிட ஈரமான ஆழமான மணல் இருக்கா?"

"இல்ல."

"இடம் கிடைக்காம அடக்கி வெச்சிருக்கு. உடனே இங்க கொண்டு வர முடியுமா?"

ரூடி ஜன்னலைப் பார்த்தான். ஏரிப் பக்கமிருந்து பனி நேராக விழாமல் படுக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தபால் பெட்டி தெரியவில்லை. நெடுஞ்சாலையை மூடிவிட்டதாக வேலை வண்டியின் ரேடியோவில் அவனுக்கே சொல்லியிருந்தார்கள். இந்த மாவட்டத்தில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யார் வீட்டில் நெஞ்சுவலி என்றாலும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி அவனுடையதுதான். இன்று அவன் வேலை நேரம் முடிந்து, வண்டியை இன்னொருவன் எடுத்துப் போய்விட்டான். அது வாசலில் நின்றிருந்தாலும் ஒரு பச்சோந்திக்காக அதை ஓட்ட முடியாது. "என் பிக்கப்ல போயிடறேன்" என்று எழுந்தான்.

"உக்காரு," என்றாள் கொலீன். "வழியில நீ சிக்குனா உன்னத் தேடிட்டு யாரு வருவா? உன் வண்டிதான வரணும்?"

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாள். குளிரில் எடுத்து வந்தால் பாதி வழி தாங்காது. மணல் வையுங்கள், கூண்டை மூடுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். யாராவது பார்ப்பதாகத் தெரிந்தால் தோண்டுவதை விட்டுவிடும். சாலை திறந்ததும் கொண்டு வாருங்கள். அதற்குள் தெரிந்துவிடும் என்றாள். என்ன தெரிந்துவிடும் என்று அவன் கேட்கவில்லை.

சாலையில் தூவுகிற மணல் டன் கணக்கில் கிடங்கில் கிடந்தது, ஆனால் அத்தனையும் உப்புக் கலந்தது. கடைசியில் பிக்கப்பின் பின்சக்கரம் வழுக்காமலிருக்கப் பாரத்துக்குப் போட்டிருந்த மணல் மூட்டையை இழுத்து வந்தான். அது கல்லாக உறைந்திருந்தது. சமையலறைத் தரையில் வைத்துச் சுத்தியலால் உடைத்தான். கொலீன் வான்கோழி வாட்டுகிற பெரிய தட்டை எடுத்து, கட்டி கட்டியாக மணலை அதில் போட்டு அடுப்புக்குள் தள்ளினாள். வீடு முழுக்க ஈரக்கல் வாசனை வந்தது. கையால் தொட்டுத் தொட்டு, குழந்தைக் குளியலுக்குப் பதம் பார்ப்பதுபோல ஆறவிட்டு, வாளியில் கொட்டி அமுக்கினாள். கூண்டுக்குள் வைப்பதற்கும் அவளே கையை நீட்டினாள். மேபெல் அவள் மணிக்கட்டுக்கு அருகில் வாயைப் பிளந்து சீறுவதற்கு முயன்றாள். சத்தம் வரவில்லை. "சீறேன்டி," என்றாள் கொலீன். "நல்லா சீறு."

பழைய படுக்கை விரிப்பால் கூண்டை மூடினார்கள். அதன் பிறகு செய்ய எதுவும் இல்லை. ரூடிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பனி எவ்வளவு கொட்டினாலும் தள்ளலாம். மறுபடியும் கொட்டும், மறுபடியும் தள்ளலாம். கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பிற்பகலில் கைபேசி அலறியது. டார்சி. கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வந்திருந்தது. திரையில் அவள் முகம் வெயிலில் கறுத்து, மெலிந்திருந்தது. பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரூடி, இப்பதான் எல்லாம் மொத்தமா வந்துச்சு. அந்தக் கடைசி வீடியோ எப்ப எடுத்தது? அந்த நிறம். அது முட்டை நிறம். மணல் வெச்சீங்களா?"

"இன்னிக்குத்தான்."

"இன்னிக்கா?" அவள் திரையில் எதையோ நகர்த்தினாள். "இதுல தேதி எல்லாம் வரிசையா இருக்கே. தினமும் போட்டீங்களா?"

"ஆமா."

"நான் சொன்னேனே, ரூடி."

"சொன்ன."

"அப்பறம் ஏன்?"

ரூடி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கையிலிருந்த மணலைத் தட்டினான். கொலீன் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"நீ பதில் போடுறதே அந்த வீடியோவுக்கு மட்டுந்தான்டி," என்றாள். அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தாள், குரல் அப்படி வரவில்லை.

இரும்புச் சத்தம் நின்று மறுபடியும் ஆரம்பித்தது. டார்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அதை அவர்கள் இப்போதுதான் பார்த்தார்கள்.

"எனக்கும் உங்களுக்கு வேற என்ன எழுதறதுன்னு தெரியல," என்றாள் கடைசியில்.

ரூடி தலையாட்டினான். அவள் மேல் கோபப்பட அவனுக்கு உரிமையில்லை, அவளுக்கு அவன்மேல் கோபம் வந்திருந்தால் இந்த நேரத்தில் அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். வாளி எவ்வளவு ஆழம், விளக்கு எரிகிறதா, தண்ணீர் சொட்டுகிறதா. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்றாள். இனி அவளிடமும் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பது அவள் மூச்சு விட்டதில் தெரிந்தது.

"வெச்சிடட்டுமா?" என்று கேட்டான். "உனக்கு வேலை இருக்கும்."

"வேணாம். வைக்காதீங்க. சும்மா அப்படியே இருக்கட்டும்."

அவன் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, கூண்டைப் பார்க்கத் திருப்பி வைத்தான். கொலீன் ஆறிப்போன காபியோடு அருகில் உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் மங்க மங்க, கூண்டுக்குள் எரிந்த விளக்கின் ஒளி விரிப்பில் ஏறியது. கிளைகளின் நிழல் முதலில் தெளிந்தது, பிறகு இலைகள். ரூடி முன்னால் சாய்ந்தான். நிழலில் ஒன்று மட்டும் இலை இல்லை.

"அம்மா," என்றது கைபேசி, மிக மெல்ல. "அது அவதான?"

"உஸ்," என்றாள் கொலீன்.

மேபெலின் நிழல் தலைகீழாக, கிளையின் கடைசி நுனியில், வாளிக்கு மேலே இருந்தது. இடுக்கிபோல் இரண்டாகப் பிளந்த ஒரு முன்னங்காலை மணலை நோக்கி நீட்டியிருந்தாள். அதை வைக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. கால் காற்றில் நின்று, பச்சோந்தி அடியெடுத்து வைக்குமுன் ஆடுமே அப்படி, முன்னும் பின்னும், முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது.