வெட்டிய துண்டுகளின் தட்டு

எனக்கும் என் தம்பிக்கும் எல்லாம் பொருந்திவிட்டது. ரத்தம் பொருந்தியது. டாக்டர்கள் வாயில் நுழையாத பெயர்களில் சொன்ன இன்னும் என்னென்னவோ பொருந்தின. அவனுடைய சிறுநீரகங்களில் ஒன்றை எனக்கு வைக்கலாம் என்றார்கள். அவன் வயிறு மட்டும்தான் குறுக்கே நின்றது. “இந்த எடையோட இவரை நான் தொட மாட்டேன், எட்டு கிலோ இறக்கிட்டு வாங்க” என்று சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார்.

எடை குறைக்க வேண்டிய அந்த மகானின் தொழில் என்ன தெரியுமா? கேக் செய்வது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி அவன் நாக்கு.

கடை எங்கள் இருவருடையது. பின்கட்டில் அடுப்பு அவன் பொறுப்பு. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் முன்னால் கல்லாவும் சரக்கு வாங்குவதும் நான். வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோரும் அவனை பன் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

கேக் வெந்து வரும்போது மேற்பக்கம் மேடுகட்டி நிற்கும். அதைச் சமமாக வெட்டி எடுத்தால்தான் அடுத்த அடுக்கு ஆடாமல் உட்காரும். வெட்டிய துண்டுகள் ஓரமாக ஒரு தட்டில் சேரும். அந்தத் தட்டுதான் எனக்கு ஜென்ம விரோதி.

செவ்வாய் முதல் வெள்ளி வரை என் தம்பி சாமியார் போல இருந்தான். டயட்டீஷியன் ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று சொன்னதில் ஒரு பிஸ்கட்கூட மீறவில்லை. சனிக்கிழமை பெரிய ஆர்டர்கள் வரும். தட்டு நிறையும், கூடவே அவனும் நிறைவான். அந்தப் பாவத்தைக் கழுவ ஞாயிறு முழுப் பட்டினி. திங்கட்கிழமை காலையில் வீட்டில் இருக்கும் எதுவும் மிஞ்சாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான். ஒரு மாதம் கழித்து எடை பார்த்தால் முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்கட்டுக்குப் போனேன். மைதா மூட்டைமேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான்.

“என்னடா பன்னு இது?”

“நாலு துண்டு தின்னுட்டேன்கா. இன்னிக்குப் போச்சு. முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?”

“நாளைக்கு?”

“நாளைக்குத் தண்ணி மட்டும்தான். சத்தியமா.”

தட்டைப் பிடுங்கி எறியலாம் என்று கை பரபரத்தது. அது என் உயிர்டா என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருந்தான். வார்த்தையை விழுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினால், குளிர்பெட்டியில் வெண்ணெய் இருந்தது. எங்களுக்கு வெண்ணெய் வாரம் ஒருமுறைதான் வரும்.

“போன வாரம் அந்த மூணு அடுக்கு கேக்குக்கு வெண்ணெய் எக்கச்சக்கமா போச்சே, அதுக்காக மறுநாள் கடையை மூடினியா?”

“அதெப்படிக்கா மூடுறது?”

“அப்ப என்ன பண்ணின?”

“பட்டர் பிஸ்கட்டைக் கொஞ்சம் குறைச்சேன். மறுநாளும் கொஞ்சம். அப்படியே அடுத்த சரக்கு வர்றதுக்குள்ள சரிக்கட்டிட்டேன்.”

“கடைக்குத் தெரிஞ்ச புத்தி வயித்துக்கு ஏண்டா தெரியல?”

அவன் என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான்.

“ஆனாலும் நாலு துண்டு...”

“நாலோட நிறுத்து. நாலு துண்டால யாரும் கெட்டுப்போகல. அஞ்சாவதுல இருந்துதான் வினை.”

இருந்தாலும் என் வாய்ச் சவடாலை நம்பி உடம்பை விட முடியுமா? டயட்டீஷியனிடம் போனோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அந்த அம்மா சிரித்தார்.

“நான் சொன்னது சராசரிங்க. வாரத்துக்கு மொத்தமா பாருங்க. சனிக்கிழமை கூடும்னுதான் தெரியுதே, மத்த நாள்ல நூறு, நூத்தம்பது கலோரி குறைச்சு அதுக்குன்னு முன்னாடியே ஒதுக்கிடுங்க. ஆனா எந்த நாளும் பட்டினி கிடக்கக் கூடாது. பட்டினி கிடந்தா மறுநாள் அது வட்டியோட வாங்கிடும்.”

அந்த நாற்காலியிலேயே பாதிக் கனம் இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. இறங்க வேண்டியது என் கனம் இல்லை என்பது வேறு விஷயம்.

அதன்பிறகு என் தம்பி கலோரியில் கஞ்சனானான். தேநீரில் சர்க்கரையைக் குறைத்தால் “சனிக்கிழமைக்கு ஆச்சு” என்பான். சனிக்கிழமை வந்தால் தட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ராஜா மாதிரி ருசித்துச் சாப்பிட்டான். மீதி, கடைக்கு வருகிறவர்களுக்கு ருசி பார்க்கப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எல்லோரையும் போல உட்கார்ந்து பசியாறியதைப் பார்த்தபோது, ஒரு மனிதன் சாப்பிடுவதைப் பார்த்து இத்தனை நிம்மதி வருமா என்று இருந்தது. எடை அவசரப்படாமல் இறங்கியது. நடுவில் ஒரு வாரம் அசையவே இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு தனித்தனியாக நடுங்கினோம். அதற்கடுத்த வாரம் அது தானாகவே நகர்ந்தது.

மருத்துவமனையில் எடை பார்க்கும் நாள் வந்தது. செருப்பைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், கடிகாரம், சாவிக்கொத்து, சட்டைப்பையிலிருந்த பேனா. “பல்லையும் கழட்டிடுவீங்க போலிருக்கே” என்றார் நர்ஸ். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏறி நின்றான். எடையை நான்தான் பார்த்தேன். சர்ஜன் சொன்ன எல்லைக்கு அரைக் கிலோ கீழே இருந்தது.

சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, “தேதி குறிச்சிடலாம்” என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க வாய்விட்டு அழுதேன். பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் அப்படியே கரைந்து ஓடியது.

“அக்கா, எடை குறைஞ்சதுக்கா அழுவுற? வேணும்னா திரும்ப ஏத்திடறேன்.”

“உதை வாங்குவ.”

பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். உள்ளே சனிக்கிழமைத் தட்டின் ஒரு துண்டு. இந்த நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறான். பாதியைப் பிட்டு மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினான்.

“முழுசும் சாப்பிடேண்டா, இன்னிக்குக் கூடவா?”

“மீதி நாளைக்குக்கா.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்! அடுத்த டயாலிசிஸைத் தாண்டி எதையும் நினைக்காமல் இருக்கப் பழகிப்போயிருந்தவள் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த டப்பாவைப் பிடுங்கி என் பையில் போட்டேன்.

“நாளைக்கு அதுல எனக்கும் ஒரு வாய் உண்டுடா, பன்னு.”